குறிசுடாத கன்று

கௌபோய் என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனக்கண் முன் எழும் உருவம் யாது? அகன்ற விளிம்புத் தொப்பி, இடையில் இரு கைத்துப்பாக்கி, பாய்ந்தோடும் குதிரை, பின்னணியிற் செம்மலை. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் ஆங்கிலப் படம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அவ்வுருவத்தை விளக்க வேண்டுவதில்லை. இருப்புவாதி என்ற சொல்லுக்கும் இத்தகைய ஓர் உருவம் உண்டு. பாரிஸ் நகரத்துக் கோப்பிக் கடையொன்றிற் கறுப்புச் சட்டை அணிந்து, புகை சூழ அமர்ந்து, வாழ்க்கைக்குப் பொருளில்லை என்று பெருமூச்செறியும் மனிதர் அவர். முன்னவர் சுடுவார், பின்னவர் சலிப்பார். இவ்விருவரையும் ஒரு கட்டுரையிற் சேர்த்து வைப்பது வேடிக்கை என்று எண்ணுவோரும் உளர்.

சற்று ஆராய்ந்து பார்ப்பின், இவ்விரு உருவங்களும் ஒரே பிழையான எண்ணத்தின் இரட்டைப் பிள்ளைகள் என்பது புலனாகும். வீடில்லை, மனைவியில்லை, எசமானனில்லை, நாளைய தினத்தைப் பற்றிய கவலையில்லை. இதுவே சுதந்திரம் என்பது அவ்வெண்ணம். உண்மையான மாட்டிடையன் இத்தகைய சுதந்திரத்தை ஒருநாளும் கண்டதில்லை. இருப்புவாதத் தத்துவ ஞானிகளும் இதனைச் சுதந்திரமென்று போதித்தாரல்லர். அவர்கள் கருத்தை மாணவருக்கு விளக்கப் புகும்போதெல்லாம், அமெரிக்க மேற்குப் புல்வெளிகளின் வரலாறே எனக்குக் கைகொடுத்து வந்திருக்கிறது.

இவ்விணைப்புக்கு ஒரு சிறு சான்றும் உண்டு. 1964 இல் வெளிவந்த ‘சொற்கள்’ என்னும் தம் இளமைக்கால வரலாற்றில், சிறுவனாயிருந்தபோது பஃபலோ பில் கதைகளைத் தாம் ஆவலோடு வாசித்ததை ஜோன் போல் சார்த்தர் கூறுகிறார். பாட்டனாரின் நூலகத்தில் உயர்ந்த இலக்கியங்கள் அடுக்கியிருக்க, பேரன் மலிவுப் பதிப்புகளையே நாடினான். பிள்ளைகளின் கதைப்புத்தகங்களைப் பறித்து வைக்கும் பெற்றார் இதனைக் கவனிப்பாராக.

மந்தையின் பின்னே

1865 இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்தபோது, டெக்ஸாஸ் மாநிலத்தில் நெடுங்கொம்பு மாடுகள் இலட்சக்கணக்கிற் பெருகித் திரிந்தன. அங்கே மூன்று நான்கு டொலர் விலைபோன மாட்டுக்கு வடக்கு நகரங்களிற் பத்து மடங்கு விலை கிடைத்தது. இடையே கிடந்தது தூரம் ஒன்றே. 1867 இல் ஜோசப் மக்கோய் என்ற வணிகர், கன்சாஸிலுள்ள அபிலீன் என்னும் சிற்றூரிற் புகையிரதப் பாதையருகே பெரும் பட்டிகளை அமைத்தார். அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் டெக்ஸாஸிலிருந்து வடக்கே நடத்திச் செல்லப்பட்ட மாடுகள் 50 இலட்சத்துக்குக் குறையா என்பது வழக்கமான மதிப்பீடு.

இரண்டாயிரம் மூவாயிரம் மாடுகள் கொண்ட ஒரு மந்தையை நடத்தியவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் மாத்திரமே. நாளொன்றுக்குப் பத்து முதற் பதினைந்து மைல். அதற்கு மேல் விரட்டினால் மாடு மெலியும். மெலிந்த மாட்டுக்கு விலையில்லை. இவ்வாறு இரண்டு மூன்று மாதம் செல்லும் பயணம். முன்னே செல்பவர்கள் அனுபவசாலிகள், பக்கங்களிற் சிலர், வாற்புறத்தில் வருபவன் புதியவன். அத்தனை ஆயிரங் குளம்புகள் கிளப்பிய புழுதியைக் கழுத்துத் துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு அவன் நாள் முழுதும் விழுங்குவான். 1866 இல் சார்ள்ஸ் குட்நைட் என்பவர் பழைய இராணுவ வண்டியொன்றைத் திருத்தி அமைத்த சமையல் வண்டியே இவர்களுடைய வீடு. இரவில் அவ்வண்டியின் ஏர்க்காலைத் துருவ நட்சத்திரத்தை நோக்கித் திருப்பி வைப்பது சமையற்காரனின் கடமை. விடிந்ததும் திசையறிய அதுவே கருவி.

சம்பளம் மாதம் முப்பது நாற்பது டொலர். ஏறிச் செல்லும் குதிரை முதலாளியுடையது. சேணம் மாத்திரம் அவனுடையது. தொழிலோ அதன் சொற்களோ ஆங்கிலேய வழிவந்தவையும் அல்ல. மெக்சிக்கோவின் ஸ்பானிய மொழி பேசிய இடையர்களிடமிருந்தே சுருக்குக் கயிறு முதல் ‘ராஞ்ச்’ என்னும் பண்ணைப் பெயர் வரை அமெரிக்கர் கற்றுக்கொண்டனர். நால்வரில் ஒருவன் கறுப்பினத்தவன் என்பது பல வரலாற்றாசிரியர் கூறும் கணக்கு. வெள்ளித்திரை இவர்களைப் பெரும்பாலும் மறைத்துவிட்டது. அப்புல்வெளி யாருமற்ற நிலமுமன்று. லக்கோட்டா, சயேன், கோமாஞ்சே முதலிய குடிகளின் நாடு அது. அவர்கள் உணவுக்கு நம்பியிருந்த காட்டெருமைக் கூட்டங்கள் 1880களின் நடுப்பகுதிக்குள் அநேகமாக அழிக்கப்பட்டு, அவர்களும் ஒதுக்கிடங்களுக்குத் துரத்தப்பட்ட பின்னரே நெடுங்கொம்பு மாடுகள் அங்கே மேய்ந்தன. மேற்கின் சுதந்திரத்தைப் பாடுவோர் பலர் இந்தப் பக்கத்தைப் புரட்டாமலே போய்விடுகின்றனர்.

சூட்டுக்கோலும் மனிதனும்

இனித் தத்துவத்துக்கு வருவோம். டென்மார்க்கிற் பிறந்த கீர்க்ககார்ட் (1813–1855) விதைத்து, ஜெர்மனியில் ஹைடெகர் வளர்த்த இச்சிந்தனையைப் பொதுமக்களின் காதுக்குக் கொண்டு சென்றவர் சார்த்தர். 1945 ஒக்டோபரிற் பாரிசில் அவர் ஆற்றிய சொற்பொழிவு புகழ்பெற்றது. அதன் சாரம் இது: ஒரு கத்தி எதற்காக என்பதைக் கொல்லன் முன்னரே அறிவான், அந்நோக்கம் முந்தியது, கத்தி பிந்தியது. மனிதனின் கதை தலைகீழானது. அவன் முதலில் இவ்வுலகில் இருக்கிறான். தான் யார் என்பதைத் தன் செயல்களினாற் பின்னரே ஆக்கிக்கொள்கிறான்.

இதனைக் குறிசுடுதலைக் கொண்டு விளக்கலாம். வசந்த காலத்தில் இடையர்கள் பரந்து திரியும் மாடுகளை ஒன்று சேர்ப்பர். தாய்ப்பசுவின் விலாவில் எந்தக் குறி உண்டோ அதே குறி பின்தொடரும் கன்றுக்கும் காய்ச்சிய இரும்பாற் சுடப்படும். அக்கணமே அதன் வாழ்வு முழுதும் தீர்மானமாகிறது: யாருக்குச் சொந்தம், எந்தச் சந்தைக்கு, எந்தக் கத்திக்கு. தாயைப் பிரிந்து குறியின்றித் திரியும் கன்றுக்கு ‘மேவரிக்’ என்று பெயர். டெக்ஸாஸின் சுதந்திரப் பிரகடனத்திற் கையொப்பமிட்ட சாமுவேல் மேவரிக் என்னும் சட்டத்தரணி தம் மாடுகளுக்குக் குறிசுடாமல் விட்டமையால் அச்சொல் பிறந்தது. எக்கட்சிக்கும் கட்டுப்படாதவனை இன்று ஆங்கிலத்தில் அப்பெயராலேயே அழைக்கின்றனர்.

சார்த்தரின் கூற்றுப்படி நாம் அனைவரும் குறிசுடாத கன்றுகளாகவே பிறக்கிறோம். ஆனால் புல்வெளியில் அத்தகைய கன்று நெடுநாள் அப்படியே திரிவதில்லை. முதலிற் காண்பவன் கயிறெறிந்து தன் குறியைச் சுட்டுவிடுவான். மனிதனைச் சுற்றியும் ஊர், குலம், நிறம், தொழில் என்று எத்தனையோ சூட்டுக்கோல்கள் காய்ந்துகொண்டிருக்கின்றன. சுடப்பட்ட தழும்பு பொய்யென்று சார்த்தர் சொல்லவில்லை. அத்தழும்பு எனக்கு என்ன பொருள் தரவேண்டும் என்பதை நானே தீர்மானிக்கிறேன் என்பதே அவர் வாதம்.

நற் லவ் என்பவரின் வாழ்க்கை இதற்கு நல்ல உதாரணம். 1854 இல் டெனசி மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர் அவர். பிறக்கும்போதே விலையும் உடையவனும் குறிக்கப்பட்ட உயிர். போர் முடிந்து விடுதலை பெற்று, 1869 இற் பதினைந்து வயதில் மேற்கே சென்று, முரட்டுக் குதிரையொன்றை அடக்கிக் காட்டி இடையர் கூட்டத்திற் சேர்ந்தார். அத்தொழில் நலிந்ததும் 1890 இற் புல்மன் புகையிரதப் பெட்டிகளிற் பணியாளரானார். 1907 இல் அவர் வெளியிட்ட சுயசரிதையில் உள்ள வீரப்பிரதாபங்கள் அனைத்தையும் வரலாற்றாசிரியர் நம்புவதில்லை. எனக்கும் ஐயம் உண்டு. எனினும் அந்நூலிலுள்ள படங்கள் சிந்தனைக்குரியன. ஒன்றிற் சேணமும் துப்பாக்கியும் தாங்கிய இடையன். இன்னொன்றிற் சீருடையணிந்த புகையிரதப் பணியாளன். மனிதர் ஒருவரே.

சார்த்தர் 1943 இல் எழுதிய தம் பெருநூலில் ஒரு கோப்பிக் கடைப் பணியாளனை வருணிக்கிறார். அவனுடைய நடையில், குனிதலில், தட்டேந்தும் விதத்தில் ஏதோ ஒரு மிகை காணப்படுகிறது. கல் கல்லாக இருப்பதுபோலத் தான் பணியாளனாகவே இருப்பதாக அவன் நடிக்கிறான். இவ்வாறு தன்னை ஒரு பொருளாக்கிக்கொண்டு, தெரிவு செய்யும் பாரத்திலிருந்து தப்புவதைச் சார்த்தர் ‘தீய நம்பிக்கை’ என்றார். தன்னைத்தானே ஏய்த்தல் எனலாம். இடையர்களும் இதற்கு விலக்கல்லர். மலிவுக் கதைகளில் தம்மைப் பற்றி வாசித்துவிட்டு, நகரத்துப் படப்பிடிப்பு நிலையத்திற் துப்பாக்கியோடு நின்று படமெடுத்து ஊருக்கு அனுப்பியவர் எத்தனையோ பேர். குதிரை மேலிருந்து செய்ய முடியாத எந்த வேலையும் என் வேலையன்று என்று புல்லறுக்க மறுத்த இடையரைப் பற்றியும் படிக்கிறோம். அம்மறுப்பு எத்துணை விலையுயர்ந்தது என்பதை அடுத்து வந்த பனிக்காலம் ஒன்று காட்டியது. அதனைக் கூறுமுன் ஓரிரவைப் பற்றிக் கூறவேண்டும்.

இருளில் எழுந்த பாடல்

மாடுகள் படுத்த பின்னும் இடையனுக்கு ஓய்வில்லை. முறைக்கு இருவராக, இரண்டு மணி நேரம், எதிரெதிர்த் திசையில் மந்தையைச் சுற்றிக் குதிரையில் வலம்வரல் வேண்டும். வரும்போது மெல்லப் பாடிக்கொண்டே வருவர். பழகிய குரல் கேட்டால் மாடு அமைதியுறும். சடுதியாக எழும் ஓசையே அதனை மிரட்டும். ஒரு மின்னல், ஒரு தீக்குச்சி உரசல் போதும். மூவாயிரம் மாடும் ஒரே உடம்பாக எழுந்து ஓடத் தொடங்கிவிடும். அப்போது இடையன் செய்யத்தக்கது ஒன்றே: இருளில், குழிகள் நிறைந்த தரையில், முன்னணி மாடுகளை முந்திச் சென்று அவற்றை வளைத்துச் சுழலச் செய்தல்.

டெடி புளூ என்று அழைக்கப்பெற்ற எட்வேர்ட் அபொட், தம் இறுதிக் காலத்திற் சொல்லி 1939 இல் வெளிவந்த நினைவு நூலில், 1876 இல் நிகழ்ந்த ஒரு மிரண்டோட்டத்தை விவரிக்கிறார். கடும் புயலிரவில் நால்வர் மந்தையைத் தடுக்கப் போராடினர். விடிந்தபோது ஒருவனைக் காணவில்லை. தேடிச் சென்றவர்கள் அவனையும் குதிரையையும் நிலத்தோடு நிலமாக மிதிபட்டுக் கிடக்கக் கண்டனர். அவன் அங்கே கிடப்பதை அறியாமல் இரவு முழுதும் அம்மந்தையைத் தாமே அவன்மேற் சுழற்றியிருந்தோம் என்பதுதான் அவர்களை வாட்டிய கொடுமை. அதன்பின் ஒரு கட்டளை பிறந்தது. மந்தை மிரண்டோடும்போது ஒவ்வொருவனும் பாடிக்கொண்டே ஓடவேண்டும்; குரல் நின்றால் அவனுக்கு ஏதோ நேர்ந்துவிட்டது என்று மற்றவர் அறிவர்.

இப்பகுதியை எத்தனை முறை படித்தாலும் என் உள்ளம் நடுங்கும். 1944 இல் அரங்கேறிய நாடகமொன்றிற் பிறருடைய பார்வையையே நரகமாகச் சித்திரித்தவர் சார்த்தர். மற்றவன் என்னைப் பார்க்கும்போது நான் ஒரு பொருளாகிவிடுகிறேன் என்பது அவர் அச்சம். புயலிரவிற் பாடியவன் நிலை வேறு. அங்கே யாரும் யாரையும் பார்ப்பதற்கில்லை. நான் இருக்கிறேன் என்பதற்கு மற்றவனின் காது ஒன்றே சாட்சி. மற்றவர்களின் சுதந்திரத்தை வேண்டாதவன் தன் சுதந்திரத்தையும் உண்மையில் வேண்டியவனாகான் என்று 1947 இல் சிமோன் த பொவார் வாதிட்டார். இவ்விடயத்தில் அவ்வம்மையார் தம் நண்பர் சார்த்தரிலும் ஒருபடி தெளிவாகக் கண்டார் என்பது என் துணிபு.

முப்பது டொலருக்குக் கூலி வேலை செய்பவனுக்குச் சுதந்திரம் ஏது என்று கேட்பவர் இருப்பர். நியாயமான கேள்வி. 1883 இல் டெக்ஸாஸின் வடமுனைப் பண்ணைகளிற் பணிபுரிந்த இடையர் மாதம் 50 டொலர் கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். பண்ணை முதலாளிகள் வேறு ஆட்களை அமர்த்திக்கொண்டனர். சில மாதங்களிற் போராட்டம் தோற்றது. வயிறு காய்ந்தவனிடம் உன் வாழ்வை நீயே தெரிந்துகொள் என்று உபதேசிப்பது எளிது. 1945 இல் நிகழ்ந்த சொற்பொழிவில் இக்குறை உண்டு. 1960 இல் எழுதிய மற்றொரு பெருநூலிற் பற்றாக்குறையையும் தொழிலாளர் கூட்டத்தையும் விரிவாக ஆராய்ந்து, சார்த்தர் தாமே அக்குறையை நிரப்ப முயன்றார்.

முட்கம்பி

1874 இல் ஜோசப் கிளிடன் என்ற விவசாயி முட்கம்பிக்கு உரிமம் பெற்றார். பத்தாண்டுகளுக்குள் திறந்த புல்வெளி துண்டு துண்டாகியது. கௌபோய் யுகம் முடிந்தது என்று கண்ணீர் வடிக்கும் கதைகளெல்லாம் இக்கம்பியிலேதான் தொடங்குகின்றன. 1962 இல் வெளிவந்த ‘லோன்லி ஆர் த பிரேவ்’ என்னும் திரைப்படம் அத்தகைய கதைகளுட் சிறந்தது. கேர்க் டக்ளஸ் நடித்த இடையன், விமானங்கள் பறக்கும் இக்காலத்திலும் குதிரையேறி வந்து வேலிகளை வெட்டுகிறான். சிறையிலுள்ள நண்பனை விடுவிக்கத் தானும் வேண்டுமென்றே சிறை புகுகிறான். நண்பனோ வர மறுக்கிறான். மனைவியும் மகனும் உள்ள அவன், தண்டனையைக் கழித்துவிட்டு வீடு திரும்புவதையே தெரிந்துகொள்கிறான். தப்பியோடிய இடையன் மழையிரவில் நெடுஞ்சாலையிற் பாரவண்டி மோதிக் குதிரையோடு வீழ்கிறான்.

பார்ப்போர் அனைவரும் இடையனுக்காக இரங்குவர். இவ்விருவருட் சுதந்திரமானவன் யார் என்று ஒரு முறை உயர்வகுப்பு மாணவரிடம் கேட்டேன். இடையன் என்றனர் ஏறக்குறைய எல்லோரும். ஒரு மாணவி மாத்திரம், “சிறையில் இருக்க ஒப்புக்கொண்டவரும் தெரிந்துதானே இருக்கிறார், சேர்” என்றாள். சார்த்தரைப் படியாமலே அவரைப் புரிந்துகொண்ட விடை அது.

பனியும் வைக்கோலும்

1886 கோடையில் மொன்டானா, டக்கோட்டாப் பகுதிகளில் மழை பொய்த்தது. நிலம் தாங்குவதற்கு மேலான மாடுகள் ஏற்கெனவே புல்லைக் கரம்பியிருந்தன. பெரும்பாலான பண்ணையார் வைக்கோல் சேமிக்கவில்லை. மாடு தானே மேய்ந்து பிழைக்கும் என்பது நம்பிக்கை. 1887 தை மாதப் பனிப்புயல்களில் அந்நம்பிக்கை உறைந்தது. உருகி மீண்டும் இறுகிய பனித்தட்டை உடைத்துப் புல்லை எட்ட மாடுகளால் முடியவில்லை. காற்றுக்கு முதுகு காட்டி நடந்தவை முட்கம்பி வேலிகளில் முட்டிக் குவியலாக மாண்டன. பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான தியோடர் ரூஸ்வெல்ட் தம் மந்தையிற் பாதிக்கு மேல் இழந்தார்.

மொன்டானாப் பண்ணையொன்றில் அப்போது சார்ள்ஸ் ரஸல் என்னும் இருபத்திரண்டு வயது இடையன் இருந்தான். மாடுகள் எப்படியுள்ளன என்று உரிமையாளர் எழுதிக் கேட்டபோது, தபாலட்டையளவான தாளில் அவன் ஒரு படம் வரைந்தான். பனியில் எலும்புந் தோலுமாய்த் தள்ளாடி நிற்கும் ஒற்றை மாடு. சற்றுத் தொலைவிற் காத்திருக்கும் ஓநாய்கள். பனியை உருக்கும் மலைக்காற்றான ‘சினூக்’குக்காகக் காத்திருத்தல் என்பது அதன் பெயர். ரஸல் பின்னர் மேற்கின் பெரும் ஓவியராகப் புகழெய்தினார். அவர் பேரெண்ணெய் ஓவியங்களை விட இச்சிறு தாளையே நான் மதிக்கிறேன். பொய்யான ஆறுதலும் இல்லை, புலம்பலும் இல்லை. நிலைமை இது என்று நேரே சொல்லுதல் இருக்கிறது.

அதன்பின் பண்ணை முறை மாறியது. மந்தைகள் சிறுத்தன. குதிரையிலிருந்து இறங்க மறுத்த இடையன் இறங்கிப் புல்லறுத்தான், வைக்கோற் போர் கட்டினான், வேலி போட்டான். இன்றும் மலையடிவாரப் பண்ணைகளில் வசந்தம் பிறந்தால் முதல் வேலை வேலி திருத்துதல். பனியின் பாரத்தாலும் காட்டு மான்களின் காலாலும் அறுந்த கம்பிகளை மைல் கணக்கில் நடந்து முறுக்கி இழுத்துக் கட்டுவர். அடுத்த ஆண்டு அதே இடத்தில் அதே கம்பி அறுந்திருக்கும்.

1942 இல் அல்பேர் காமு எழுதிய நூலில் வரும் சிசிபஸ், மலையுச்சிக்குப் பாறையை உருட்டிச் செல்ல, அது மீண்டும் மீண்டும் கீழே உருண்டுவிடுகிறது. பயனற்ற அத்தண்டனையை முழுதும் அறிந்து ஏற்பதிலேயே அவன் வெற்றி இருப்பதாகக் காமு காட்டுகிறார். வேலி திருத்துபவனை இச்சிசிபஸோடு ஒப்பிடுவது வழக்கம். ஒப்புமை பாதிவரைதான் செல்லும். பாறைக்குப் பசியில்லை, பாறை கன்று ஈன்பதுமில்லை. அறுந்த வேலிக்கு அப்பால் நெடுஞ்சாலை கிடக்கிறது; அதிலே போய் நிற்கும் மாட்டுக்கு யார் பொறுப்பு என்பது கட்டியவனுக்குத் தெரியும். காமுவின் வீரனுக்கு அவ்விதமான ஒருவரும் இல்லை.

பனி முற்றும் விலகாத மாசி பங்குனி மாதங்களிற் கன்று ஈனும் பருவம். தலையீற்றுப் பசுக்களை இரண்டு மூன்று மணிக்கொரு முறை நள்ளிரவிலும் எழுந்து சென்று பார்த்தல் வேண்டும். கன்று தடைப்பட்டால் அதன் முன்னங்கால்களிற் சங்கிலி பூட்டி, பசு முக்கும்போது மாத்திரம் இழுப்பர். அது நிறுத்தினால் இவர்களும் நிறுத்துவர். அப்போது அவனைக் காண்பார் இல்லை. தூங்கிவிட்டால் மறுநாட் கணக்கில் ஒரு கன்று குறையும், அவ்வளவே. கன்றிழந்த பசுவும் தாயிழந்த கன்றும் ஒரே இரவில் நேர்ந்தால், இறந்த கன்றின் தோலை உரித்து உயிருள்ள கன்றின் மேற் சட்டைபோற் கட்டிவிடுவர். பசு முகர்ந்து பார்க்கும். முதலில் முட்டித் தள்ளும். மீண்டும் முகரும். எம்மூரிலும் வைக்கோற் கன்றைக் காட்டிப் பால் கறந்ததுண்டு. அது பாலுக்காகச் செய்த உபாயம். இங்கோ குடிப்பதற்கு உயிருள்ள கன்று ஒன்று நடுங்கிக்கொண்டு நிற்கிறது. விளக்கைப் பிடித்தபடி இடையன் கொட்டிலின் மூலையில் அசையாமல் நிற்பான். சில நாளில் அத்தோல் நாறத் தொடங்கும். அவன் அதனை அறுத்து அப்புறப்படுத்துவான். அதற்குள் அக்கன்று மடியிற் குடித்துக்கொண்டிருக்கும்.